கேள்வி–பதில்: வேளாங்கண்ணியில் மணல், அதிராம்பட்டினத்தில் சேறு

சென்ற இதழில் டெல்டாவின் வயல் மண் வகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, ஆறு முடிகிற இடத்துக்கு அப்பால் ஆழமில்லாத கடலின் அடியில் கிடக்கும் மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தன. வயலை மட்டும் எழுதிவிட்டுக் கடலை விட்டது என் குறைதான் என்று அவற்றைப் படித்தபோது பட்டது. எனவே இம்மாதப் பகுதி முழுவதும் அந்தக் கடிதங்களுக்கு உரியது.

“வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் கடலில் காலை வைத்தால் மணல். எங்கள் ஊர்க் கடலில் இறங்கினால் முழங்கால் வரை சேறு. இரண்டு பக்கமும் மண் கொண்டுவந்து சேர்ப்பது காவிரிதானே? பிறகு ஏன் இந்த வேறுபாடு?” – வாசகர், அதிராம்பட்டினம்

ஆறு எதைக் கொண்டுவருகிறது என்பது பாதிக் கதை. வந்ததில் எதை அங்கே தங்கவிடுவது என்பதை அந்த இடத்துக் கடல்நீரின் அசைவே முடிவு செய்கிறது. களத்தில் நெல் தூற்றும்போது மணி காலடியிலும், கருக்காய் சற்றுத் தள்ளியும், தூசு களத்துக்கு வெளியேயும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அங்கே செய்யும் வேலையைக் கடலுக்குள் தண்ணீர் செய்கிறது.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 2 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் வரை உள்ள பருக்கைகளை மணல் என்றும், அதற்குக் கீழே 0.004 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றை வண்டல் என்றும், அதனினும் நுண்ணியவற்றைக் களி என்றும் நிலவியலார் பிரிக்கிறார்கள். அசையாத தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் பருக்கை ஒன்று 10 மீட்டர் ஆழத்தைச் சுமார் 20 நிமிடத்தில் கடந்து அடியைத் தொட்டுவிடும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு அதே ஆழத்தைக் கடக்க 30 மணி நேரம் ஆகும், 0.002 மில்லிமீட்டர் களித்துகள் தனியாகப் போனால் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் விழும் வேகம் நூற்றில் ஒரு பங்காகிவிடுவதே காரணம். ஆகவே நுண்மண் படிய வேண்டுமானால் நீண்ட நேர அமைதி வேண்டும்.

அந்த அமைதி கோடியக்கரைக்கு வடக்கே இல்லை. பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களின் கடல் நேராக வங்காள விரிகுடாவைப் பார்த்துக் கிடக்கிறது. அலையின் அசைவு அதன் நீளத்தில் ஏறத்தாழப் பாதி ஆழம் வரை இறங்கும். 8 வினாடிக்கு ஒருமுறை வரும் அலை ஆழ்கடலில் 100 மீட்டர் நீளமுடையது. அது 50 மீட்டர் ஆழம் வரைகூட அடிமண்ணை உணர்ந்துவிடும். கரையருகே உள்ள ஆழமில்லாத பகுதியில் அத்தகைய அலை, படிய நினைக்கும் களியையும் வண்டலையும் மீண்டும் மீண்டும் எழுப்பி ஆழத்துக்கு அனுப்பிவிடுகிறது. கனமான மணல் மட்டும் உருண்டும் புரண்டும் கரையோரம் நிற்கிறது.

கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பியதும் நிலைமை மாறுகிறது. உங்கள் ஊர், முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் ஆகியவை பாக் நீரிணையைப் பார்த்தவை. தெற்கிலும் தென்கிழக்கிலும் இலங்கை மறைக்கிறது. கிழக்கில் கோடியக்கரை முனை ஒரு தோள்போல நிற்கிறது. கடலின் ஆழமும் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். இங்கே சாதாரண நாளில் எழும் 3 வினாடி அலையின் நீளம் 14 மீட்டர்தான் இருக்கும். அதன் பிடி 7 மீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடுகிறது, அங்கேயும் வலுவற்றதாகவே இருக்கிறது. ஆகவே நுண்மண் வந்தால் தங்குகிறது.

தங்கிய பிறகு இன்னொன்றும் நடக்கிறது. களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், படிந்து இறுகிய களியைக் கிளப்புவதற்கு மணலைக் கிளப்புவதைவிட வேகமான நீரோட்டம் தேவைப்படுகிறது. இதைப் படித்த நாளில் எனக்கு நம்பவே முடியவில்லை. பெரிய பருக்கையைவிடச் சிறியதை அசைப்பது கடினம் என்பது கண்ணுக்கு ஒவ்வாத செய்தி. ஆனால் வெயிலில் காய்ந்த வாய்க்கால் சேற்றின் மீதும் மணல் மீதும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதனோடு, இளகிய சேறு தன்மேல் வரும் அலையின் விசையையும் உறிஞ்சிக்கொள்கிறது. கேரளத்தில் ஆலப்புழைக் கடலோரச் சேற்றுத்திட்டுகளில் மழைக்காலத்திலும் அலை அடங்கிக் கிடப்பது இதனால்தான். சேறு இருப்பதால் அலை அடங்குகிறது, அலை அடங்குவதால் மேலும் சேறு சேர்கிறது.

உங்கள் கடலில் கடற்புல்லும் இருக்கிறது. அதன் இலைகள் அடியில் ஓடும் நீவாட்டை, அதாவது நீரோட்டத்தை, தணித்து நுண்மண்ணைக் கீழே இறக்குகின்றன. வேர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022இல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் புல்வெளி அழிந்தால் உங்கள் கடலின் அடிமண்ணும் இன்றிருப்பதுபோல் நிலைத்து நிற்காது.

“களித்துகள் விழ ஒரு மாதம் ஆகும் என்று ஒரு முறை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐப்பசி வெள்ளத்தில் கொள்ளிடம் கலங்கலாகக் கடலில் விழுந்தும், சில கல் தொலைவுக்குள்ளேயே தண்ணீர் தெளிந்துவிடுவது எப்படி?” – வாசகி, சீர்காழி

‘தனியாகப் போனால்’ என்று மேலே சொன்ன சொல்லில்தான் விடை இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

வாய்க்கால் ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்த களிப்பொருக்கு ஒன்றை எடுத்துவந்து, ஒரு செம்புத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுக் கரைத்தேன். கனமான மண் அடியில் இறங்க அரை மணி நேரம் விட்டு, மேலே நின்ற பழுப்புக் கலங்கலை மட்டும் இரண்டு கண்ணாடி பாட்டில்களில் அரை லிட்டர் வீதம் ஊற்றினேன். ஒன்றில் 17 கிராம் கல் உப்பைப் போட்டுக் கலக்கினேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால் இந்த அளவு. சிறிது நேரத்தில் உப்புப் பாட்டிலில் கலங்கல் திரிந்த பால்போலப் பொட்டுப்பொட்டாகப் பிரிந்தது. அந்தப் பொட்டுகள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கத் தொடங்கின. பிற்பகலுக்குள் மேலே இருந்த தண்ணீர் வழியே மறுபுறம் வைத்த நாட்காட்டியின் எழுத்தைப் படிக்க முடிந்தது. உப்பில்லாத பாட்டில் மறுநாள் காலையிலும் மோர்போலவே நின்றது.

களித்துகள்களின் முகப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஆற்றுநீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. உப்புநீரில் உள்ள சோடியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் அந்தத் தள்ளுதலை மறைத்துவிடுவதால், மோதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு திரள்கின்றன. திரள் பெரிதாக இருப்பதால் வேகமாக விழுகிறது. உயிரிகள் சுரக்கும் பசைப்பொருளும் இதற்குத் துணை செய்கிறது. ஆற்றின் நுண்மண்ணில் பெரும்பகுதி முகத்துவாரத்தை ஒட்டியே படிவதற்கு இதுவே காரணம். இப்படிப் படிந்த புதுச்சேற்றில் பருமனளவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராகவே இருக்கும். மேலே மண் ஏற ஏற அந்தத் தண்ணீர் பிழியப்பட்டு, நூற்றாண்டுகளில் படிவு இறுகித் தாழ்கிறது. கழிமுக நிலங்கள் தாமாகவே சிறிது சிறிதாக அமிழ்வதற்கு இது ஒரு காரணம்.

“தரங்கம்பாடிக் கடற்கரையில் மழைக்காலத்துக்குப் பின் கறுப்புக் கறுப்பாக வரிகள் தெரிகின்றன. கப்பல் எண்ணெய் என்கிறார்கள் சிலர். உண்மையா?” – பள்ளி ஆசிரியர், பொறையார்

எண்ணெயாக இருந்தால் கையில் பிசுபிசுக்கும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கருமணலாகத்தான் இருக்கும். மாணவர்களையும் அழைத்துச் சென்று ஒரு கைப்பிடி அள்ளி, நன்றாக உலர்த்தி, வெள்ளைத்தாளில் பரப்பிப் பாருங்கள். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் கண்ணாடிச் சில்லுபோலத் தெரிவது குவார்ட்ஸ். மாதுளை முத்தின் இளஞ்சிவப்பில் இருப்பது கார்னெட். எஃகு மின்னலோடு கறுப்பாக இருப்பது இல்மனைட். காந்தம் ஒன்றை மெல்லிய பாலித்தீன் பையில் சுற்றிக் காட்டினால் சட்டென்று மீசைபோல ஒட்டிக்கொள்வது மேக்னடைட். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் நுரைப்பவை கிளிஞ்சல் துணுக்குகள். அவை மலையிலிருந்து வரவில்லை, கடலிலேயே வாழ்ந்த உயிர்களின் ஓடுகள்.

குவார்ட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். கார்னெட் ஏறத்தாழ 4 மடங்கு. இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு. அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கிவருகிறது. வடியும்போது வலு குறைந்துவிடுவதால் இலேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துக்கொண்டு, கனமானதை விட்டுச்செல்கிறது. வடகிழக்குப் பருவத்தின் பெரிய அலைகள் இதை வாரக்கணக்கில் செய்வதால்தான் மழைக்காலத்துக்குப் பின் வரிகள் தடித்துத் தெரிகின்றன. முறத்தில் புடைத்த அரிசியில் கல் ஒருபுறம் ஒதுங்குவதுபோல் என்று மாணவர்களிடம் சொன்னால் உடனே விளங்கிவிடும். நீலகிரி, சேர்வராயன், கொல்லிமலைப் பகுதிகளின் சார்னோகைட், நைஸ் என்னும் பாறைவகைகள் சிதைந்து பவானி, அமராவதி போன்ற துணையாறுகள் வழியாகவும் காவிரி வழியாகவும் வந்த மணிகள் இந்தக் கனிமங்களில் இருக்கின்றன. கையில் இருக்கும் அந்தச் சிவப்பு மணி எத்தனை கல் தொலைவு உருண்டு வந்திருக்கும் என்பதை மாணவர்களே வரைபடத்தில் அளந்து பார்க்கட்டும்.

“முத்துப்பேட்டை லகூனுக்குப் படகில் போனபோது துடுப்பில் ஒட்டிவந்த சேறு கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தது. சாக்கடை கலக்கிறதா?” – வாசகி, மன்னார்குடி

பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் கழிவைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த நிறத்துக்கும் நாற்றத்துக்கும் கழிவு தேவையில்லை. அலையாத்திக் காட்டின் தூய சேறும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த முறை நீர் வற்றம் இருக்கும் நேரத்தில் திட்டின் ஓரத்தில் ஒரு குச்சியால் சேற்றைக் கீறிப் பாருங்கள். மேலே தாள் கனத்தில் பழுப்புத் தோல் ஒன்று இருக்கும். அதன் கீழே உடனே கறுப்பு. காற்றின் ஆக்சிஜன் நுண்சேற்றுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்க முடியாது. அதற்குக் கீழே வாழும் நுண்ணுயிரிகள் உதிர்ந்த இலைகளைச் சிதைக்கும்போது, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. அதன் விளைவாக வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம். அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகும்போது கறுப்பு நிறம் பிறக்கிறது. நண்டு வளை ஒன்றைப் பிளந்து பார்த்தால் அதன் சுவர் மட்டும் துருநிறத்தில் இருக்கும், ஏனென்றால் வளை வழியாகக் காற்றும் புதுநீரும் உள்ளே போகின்றன. அலையாத்தி மரங்கள் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுவதும் இந்த மூச்சு முட்டும் மண்ணில் உயிர் வாழத்தான்.

இதில் ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. இத்தகைய சேற்றைத் தோண்டி வெளியே போட்டுக் காயவிட்டால், அதிலுள்ள சல்பைடு காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாக மாறும். இறால் குட்டை வெட்டி, சில மாதங்களில் தண்ணீர் புளித்துப்போனது என்று சுண்ணாம்பு கொட்டுபவர்கள் பலர் இந்த மண்ணின் மீதுதான் குட்டை வெட்டியிருக்கிறார்கள்.

“கடலடி மணலைச் சலித்துக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தலாமா?” – கொத்தனார், திருவாரூர்

கழுவாமல் கூடாது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். அத்துடன் கடலோர மணலை அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றம்.

“கஜா புயலுக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் மணல் மறைந்து, நடக்க முடியாத அளவுக்குச் சேறு கிடந்தது. அவ்வளவு சேறு எங்கிருந்து வந்தது?” – மீனவர், வேதாரண்யம்

உங்கள் கடலின் அடியிலிருந்துதான் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. சாதாரண அலை தொடாத ஆழத்துச் சேற்றையும் புயலின் நீண்ட அலைகள் கிளப்பிவிட்டன; புயலால் உயர்ந்த கடல்மட்டம் அந்தக் கூழைக் கரைக்குத் தள்ளியது. நீர் வடிந்தபோது சேற்றைத் திரும்ப எடுத்துச் செல்லும் வலு வடிநீருக்கு இல்லை. களி தண்ணீரை மெதுவாகத்தான் விடும். அதனால் மணல்போல ஒரே நாளில் காய்ந்து இறுகாமல், உங்கள் படகுகளை நாட்கணக்கில் சிறைப்பிடித்து வைத்தது.

“எங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது 30 அடிக்குக் கீழே சாம்பல்நிறக் களியும் கிளிஞ்சல்களும் வந்தன. கடலோ பல கல் தொலைவில் இருக்கிறது. முன்பு இங்கே கடல் இருந்ததா?” – விவசாயி, திருத்துறைப்பூண்டி

கிளிஞ்சல்கள் மேல்மண்ணிலிருந்து சரிந்து விழாமல், அந்தக் களிக்குள்ளேயே பதிந்து வந்திருந்தால் ஆம் என்றே சொல்லலாம். முன்காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்காகக் கிளிஞ்சலை ஊர் ஊராக வண்டியில் கொண்டுபோனார்கள் என்பதால் இந்த எச்சரிக்கை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது நிலம். இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்கு அருகே வந்து நின்றது. அந்த ஏற்றத்தில் தாழ்வான இடங்களுக்குள் உப்பங்கழிகளும் ஆழமில்லாக் கடலும் புகுந்தன. கடல் நின்றபின் ஆறு தன் மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரையை மீண்டும் வெளியே தள்ளியது. ஆகவே கீழே கடல்களி, அதன் மேலே ஆற்று வண்டல், அதற்கும் மேலே உங்கள் நெல் என்பது இந்தப் பகுதியில் இயல்பான வரிசை. வேதாரண்யம் பக்கம் கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல்மேடுகள், கரை அப்படி வெளியே நகர்ந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் விட்டுச்சென்ற பழைய கடற்கரைகள்.

களியின் நடுவே மெல்லிய மணல் படலம் ஏதாவது வந்ததா என்றும் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி நாகப்பட்டினம் பகுதியில் அத்தகைய படலத்தை நிலத்தின்மேல் விரித்துச் சென்றது. கரையருகே தடித்தும், உள்ளே போகப் போக மெலிந்தும், கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் கலந்தும் இருக்கும் அந்தப் படலத்தின் சாயலைக் கொண்டு, எழுத்துப் பதிவு இல்லாத காலத்து அலைகளையும் அடையாளம் காண முயல்கிறார்கள்.

இதைவிட மிகப் பழைய ஆழமில்லாக் கடலைப் பார்க்க விரும்பினால், கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூருக்குப் போங்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் சேர்ந்த ஓடுகளும் சுண்ணச்சேறும் இறுகிய பாறையைத்தான் சிமெண்ட் ஆலைகள் இன்று வெட்டி எடுக்கின்றன. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் அங்கே கிடைக்கின்றன. அம்மோனைட் ஒன்றை நான் முதன்முதலில் கையில் எடுத்தபோது, சுற்றிலும் முந்திரிக்காடு, மேலே சித்திரை வெயில். கையில் இருந்தது கடல்.

“அணைகள் கட்டியதால்தான் பூம்புகாரைக் கடல் அரிக்கிறதா? அப்படியென்றால் அணைகளே இல்லாத பழங்காலத்தில் புகார் எப்படி அழிந்தது?” – கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

இரண்டாவது வினா முதல் வினாவை நேர்மையாக்குகிறது. அப்படிக் கேட்டதற்கு மகிழ்ச்சி. கரை என்பது மணலின் வரவுசெலவுக் கணக்கு. ஆறு கொண்டுவருவது வரவு. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே நகர்த்துகின்றன; வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகர்த்துகின்றன. புயல்கள் ஒரு பகுதியை ஆழத்துக்கு இழுத்துச் செல்கின்றன. செலவு மிகுந்தால் கரை உள்வாங்கும்.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்ததும் ஆற்றின் வேகம் அடங்கிவிடுவதால், மணல் முழுவதும் அங்கேயே இறங்கிவிடுகிறது. மதகு வழியே வருவது பெரும்பாலும் தெளிந்த நீரும் நுண்மண்ணும்தான். அணைக்குக் கீழே ஆற்றில் எஞ்சியிருந்த மணலைக் கொள்ளிடத்திலும் காவிரியிலும் பல்லாண்டுகளாக லாரிகளில் அள்ளிவிட்டோம். இது எனக்கு ஆறாத வருத்தம். பூம்புகாரில் காவிரி கடலைத் தொடும் வாய்க்காலைப் பார்த்தவர்கள், இவ்வளவு பெரிய டெல்டாவைக் கட்டிய ஆறு இதுதானா என்று திகைப்பார்கள். வரவு குறைந்த கரையில் தூண்டில் வளைவுகளை, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளை, போட்டால், அவற்றின் ஒருபக்கம் மணல் சேரும். மறுபக்கத்து ஊர் அதை இழக்கும். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்தபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் அரிக்கப்பட்டதும் இதே கணக்குதான்.

ஆனால் அணைகளுக்கு முன்பும் இந்தக் கரை அசையாமல் இருந்ததில்லை. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆறு தன் வாயை மாற்றிக்கொள்ளும்போதெல்லாம் பழைய வாய் இருந்த இடத்துக்கு மணல் வரவு நின்றுவிடும். கடந்த நூற்றாண்டுகளில் வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடம் வழியாகவே போயிருக்கிறது. புகாரின் அழிவுக்கு ஒரே இரவின் பேரலையைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து.

இரண்டு இடங்களை ஒரே நாளில் போய்ப் பாருங்கள். பூம்புகார் கடலோரத்திலும் ஆழமில்லாத கடலுக்குள்ளும் 1980களில் தொடங்கித் தேடிய ஆய்வாளர்கள், பழைய செங்கல் கட்டுமானங்களையும் உறைகிணறுகளையும் அலை மோதும் இடத்திலேயே கண்டார்கள். அங்கிருந்து சற்று உள்ளே, கீழையூரில், 1960களின் அகழாய்வு ஒரு செங்கல் படகுத்துறையை வெளிக்கொணர்ந்தது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னர் படகுகளைக் கட்டிய மரத்தூண்களும் அதில் இருந்தன. ஊரின் முகப்பைக் கடல் அரித்துக்கொண்டிருந்தபோதே, அதன் பின்புறத்தில் படகுகள் வந்துபோன கால்வாயை வண்டல் மூடியிருக்கிறது. அந்தத் துறையைச் சுற்றி இன்று வயல்கள்.